ஓசியில வந்த சாப்ட்வேரு

அட, அதத்தான சார் நானும் சொல்றேன். ஓசி. சல்லிக்காசு குடுக்காம வந்த சாமான். நீங்க மதுரை யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் வாத்தியாரு, உங்களுக்கு அது ஓப்பன் சோர்சு. எனக்கு ஓசி, அம்புட்டுத்தான். அந்தச் சேரு வேணாம், காலு ஆடும். மாத்தித் தாங்கன்னு நாலு வருசமா எழுதுறேன், ஒருத்தரும் காதுல வாங்கல. இதுல உக்காருங்க. விசாரணைக்கு ஆளு வருதுன்னு பிரின்ஸ்பால் சொன்னாக. வயசான ஆளா வருவாகன்னு நெனச்சேன். பரவால்ல.

இருபத்தி ரெண்டு வருசம் சார் இந்த லைப்ரரியில. கர்ணன்னு சொன்னா கம்பத்துல இருந்து ஆண்டிபட்டி வரைக்கும் படிச்ச பயலுகளுக்குத் தெரியும். இப்ப என்னடான்னா, ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போனதுக்கு நான் சாட்சி சொல்லணுமாம்.

கேளுங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி, ரெண்டாயிரத்தி ஆறுல, நசீமான்னு ஒரு பிள்ள எனக்கு அசிஸ்டெண்டா வந்துச்சு. தற்காலிக வேலைதான். உத்தமபாளையத்துக்காரப் பிள்ள. அவுக அத்தா அப்துல் சமது கம்பத்துல திராட்சைக் கமிசன் கடை வச்சிருக்காக. வந்து ஒரு மாசம் ஆகல, மதுரையில மூணு நாள் ட்ரெய்னிங்குன்னு போச்சு, ஒரு சி.டியோட வந்து நின்னுச்சு. சார், இதுல லைப்ரரிய முழுசா நடத்தலாம், காசே வேணாங்குது. நான் அப்பத்தான் மெட்ராசு கம்பெனி ஒண்ணக் கூப்புட்டு, டை கட்டுன ஆளுக வந்து படமெல்லாம் போட்டுக் காமிச்சுட்டுப் போயிருக்காக. மேனேஜ்மெண்டு விலையக் கேட்டு வாயப் பொளந்துட்டாக. இந்தப் பிள்ள ஓசின்னு சொன்னதும், சரிம்மா போடுன்னுட்டாக. அரசாங்கத்துல டிவி குடுக்குறாக, வாங்கி வைக்கல? அது மாதிரி.

கோஹாவாம் பேரு. என்னம்மா பேரு இதுன்னு கேட்டேன். நியூசிலாந்துல ஒரு சின்ன ஊரு லைப்ரரிக்காரவுக செஞ்சு ஊருக்கே விட்டது சார், கோஹான்னா அவுக பக்கத்துப் பழைய பாஷையில செய்முறைன்னுச்சு. நம்ம கல்யாணத்துல மொய் வச்சுச் செய்யிற செய்முறை மாதிரியே, வாங்குனவுக திருப்பிச் செய்யணுமாம். இவ என்னத்தத் திருப்பிச் செஞ்சா தெரியுமா? தமிழ்ல தேடுனா ஏதோ கோளாறா வந்துச்சுன்னு பத்து நாளு முட்டி மோதிச் சரி பண்ணி, அத எழுதி அனுப்பினா. அங்கன இருந்து எவனோ நன்றின்னு மெயில் போட்டான். அத பிரிண்டு எடுத்து என்ட்ட காட்டுறா. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு. ஸ்டாப் ரூம்ல போயி சொன்னேன், நம்ம லைப்ரரியில இனிமே நியூசிலாந்துக்குச் சம்பந்தம் பேசுறோம்யான்னு. எல்லாரும் சிரிச்சாக.

சிரிக்காதீங்க சார், நீங்களும்.

பதினெட்டாயிரம் புத்தகம். ஒத்தையில அடிச்சா. மத்தியானம் கரண்டு போயிரும், அப்பல்லாம் ரிஜிஸ்டரப் பாத்துப் பேப்பர்ல எழுதி வச்சுக்குவா, கரண்டு வந்ததும் அடிப்பா. ரெண்டு வருசம். இல்ல சார், நான் ஒத்தாசை பண்ணல. எதுக்குப் பண்ணணும்? எனக்கு எந்தப் புத்தகம் எங்கன இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ராயப்பன்பட்டியில இருந்து ஒரு பய வருவான், சார் தாவரவியல்ல அந்தப் பச்சை அட்டைன்னு இழுப்பான். மூணாவது பீரோ, மேல்தட்டு, இடது ஓரம் போடான்னு சொல்லுவேன். இந்தக் காலேஜுல கேட்டலாக்குன்னா நான்தான். பெரிய பெரிய புரபசரெல்லாம் இந்த மேசைக்கு முன்னாடி வந்து நின்னு, கர்ணன் கொஞ்சம் பாருங்களேன்னு கேட்டாகணும்.

பொட்டி வந்துச்சு. வாசல்ல வச்சா. பயலுக வர்றான், ரெண்டு தட்டு தட்டுறான், நம்பர எழுதுறான், நேரா உள்ள போறான், எடுத்துட்டு வர்றான். என் பக்கம் திரும்புறதே இல்ல. ஒரு நாள் பிரின்ஸ்பாலே வந்தாக. நான் எந்திரிச்சு நிக்கேன். அவுக பொட்டியில தட்டிப் பாத்து, புத்தகத்த எடுத்துக்கிட்டு, நசீமா நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போறாக. நான் நின்னது நின்னபடி இருக்கேன். வயிறு எரிஞ்சுச்சு சார். எரியாதா? இருபத்தி ரெண்டு வருசம்.

சரி, விசயத்துக்கு வாரேன். போன மாசம் சாரல் அடிச்சப்ப இடி விழுந்துச்சு. யு.பி.எஸ்ஸுக்கு பேட்டரி கேட்டு அந்தப் பிள்ள எழுதுன காயிதம் ஆபீஸ்ல ஆறு மாசமாக் கிடக்கு, அத யாரும் கேக்க மாட்டாக. பொட்டி பொசுக்குன்னு போச்சு. ஹார்டு டிஸ்க்கு கருகிப்போச்சாம். ஒண்ணும் மிச்சமில்ல. ஒடனே கரஸ்பாண்டெண்டு குதிக்காக. ஓசியில வாங்குனா இப்பிடித்தான், காசு குடுத்து வாங்கியிருந்தா கம்பெனிக்காரன் பொறுப்புங்காக. விலையக் கேட்டு வாயப் பொளந்தவுக இவுகதான் சார். இடி கம்பெனிக்காரன் வீட்டுப் பொட்டிய மட்டும் பாத்து ஒதுங்கிப் போகுமா? அதச் சொன்னா எனக்குப் பொல்லாப்பு.

பேக்கப்பு. ஆமா, அதுக்குத்தான நீங்க வந்தது. நசீமா சொல்றா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சி.டி போட்டு லைப்ரேரியன் சார்ட்ட குடுத்தேங்குறா. ஒரு காப்பிய வீட்டுல வைக்கட்டுமான்னு முன்னாடி என்ட்ட கேட்டவதான். லைப்ரரிச் சொத்து வாசல் தாண்டக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ரூல் அது. விசாரிக்கக் காலேஜுல போட்ட கமிட்டியில அவகிட்ட கேட்டாக, குடுத்ததுக்குக் கையெழுத்து வாங்குனியாம்மான்னு. அவ சொல்றா, சார்ட்ட போயி எப்பிடிங்க கையெழுத்துக் கேக்குறதுன்னு. கூறு கெட்டவ. இந்தக் காலத்துல பெத்தவன்ட்டயே கையெழுத்து வாங்கணும்.

என்ட்ட கேட்டாக. குடுக்கலன்னேன். எழுதியும் குடுத்துட்டேன், அந்த ஃபைல்ல மொதப் பேப்பர் என்னோடதுதான். இந்த வருசம் அவள பெர்மனெண்டு ஆக்குறதா இருந்துச்சு. இப்ப அசட்டையா இருந்தான்னு எழுதி அனுப்பப் போறாக. அப்பிடி எழுதுன காயிதத்தோட எந்தக் காலேஜுல போயி நிப்பா? வீட்டோட கிடக்க வேண்டியதுதான்.

அவ என்ன பண்றா தெரியுமா? ரூல் தெரிஞ்ச பிள்ளன்னா கத்தணும், அழுகணும், அவுக அத்தாவக் கூட்டியாந்து சண்டை போடணும். ஒண்ணும் இல்ல. கமிட்டி முடிஞ்ச மறு திங்கக்கிழமை காலையில வந்தா. வேற ஒரு பழைய பொட்டியில அந்தக் கோஹாவ மறுபடியும் ஏத்துனா. ரிஜிஸ்டர எடுத்து வச்சு, ஒண்ணாம் நம்பர்ல இருந்து அடிக்க ஆரம்பிச்சுட்டா. வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் அதுக்குள்ள முடிஞ்ச மட்டும் அடிச்சு வச்சுட்டுப் போறேன் சார், பரிச்சை வருது, பிள்ளைக தேடுவாகங்குறா. என்ட்ட சொல்றா இத! என்ட்ட! பைத்தியக்காரி. அதுலயும் நேத்து என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னு, சார், பழைய ரிஜிஸ்டர்ல ஒரு பக்கம் அழிஞ்சிருக்கு, அது என்ன புத்தகம்னு உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்குறா. சொன்னேன். பதினாலு புத்தகம், வரிசையாச் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனா.

அந்தா, கண்ணாடிக்கு அங்கிட்டுப் பாருங்க, தலை குனிஞ்சு உக்காந்திருக்கால்ல, அவதான்.

சார், நீங்க படிச்சவுக, லைப்ரரி வேலை உங்களுக்குத் தெரியாது. உள்ள எது வந்தாலும் ரிஜிஸ்டர்ல ஏத்தி நம்பர் போட்டுரணும். துண்டுக் காயிதம்னாலும். நம்பர் இல்லாத சாமான் இங்கன இருந்தா எனக்குச் சோறு எறங்காது. பொய் சொல்றவனா இருந்தாலும் அது மட்டும் கை தன்னால செஞ்சிரும். மேப்பு, கேசட்டு, சி.டிக்கெல்லாம் தனியா ஒரு ரிஜிஸ்டர் இருக்கு, இந்த டிராயர்ல. அதக் கமிட்டியில யாரும் கேக்கல. கேக்கத் தெரியல. புடிங்க. பிரிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை, சி.டி ஒண்ணு, குடுத்தது நசீமா. அடுத்த வெள்ளிக்கிழமை, சி.டி ஒண்ணு. என் கையெழுத்துதான். பக்கத்துக்குப் பக்கம் போகும். எண்பத்தி மூணு.

அந்த பீரோவுல ரெண்டாவது தட்டு. நம்பர் வரிசையில அடுக்கியிருக்கேன், ஒண்ணும் மாறாது. கடைசியா இருக்கது இடி விழுகுறதுக்கு மொத நாளு குடுத்தது, அதப் போட்டீகன்னா எல்லாம் வந்துரும். என் பேப்பரக் கிழிக்க வேணாம், ஃபைல்லயே இருக்கட்டும். மொதல்ல நீங்க எந்திரிச்சுப் போயி, அந்தப் பிள்ளைய அடிக்கிறத நிப்பாட்டச் சொல்லுங்க. ஆயிரத்தத் தாண்டிட்டா. என்னால போயிச் சொல்ல முடியாது சார்.