நெஞ்சுப் பட்டை

கைக்கடிகாரம் வாங்கும்போது அவசரப்படக் கூடாது என்பது என் கட்சி. என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம் இன்றைக்கும் பிசகாமல் ஓடுகிறது என்றால், வாங்குவதற்கு முன் அவரைக் கடை கடையாக ஏறி இறங்க வைத்தேன் என்பதுதான் காரணம். நீங்கள் அந்த இன்னொரு கடிகாரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அதிலிருந்தே சொல்லிவிடுகிறேன். எதையும் மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

என் பெயர் சங்கரன். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்த வீடு. ஈக்காட்டுத்தாங்கலில் பிரஷர் கேஜ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். பாய்லரில் பொருத்துகிற கேஜ் தப்பாகக் காட்டினால் பக்கத்தில் நிற்கிறவன் செத்துப்போவான். அதனால் ஒவ்வொன்றையும் நிஜ அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துவோம். திருந்தாததை ஒதுக்கிவிடுவோம். இதைத்தான் ஆயுசு முழுக்கச் செய்தேன்.

என் மனைவி மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்பாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லேன்னா" என்பாள். ஒரு நாள் காலையில் அடுக்களையில் காபி டிகாக்ஷன் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தாள். இதயம் வெகு நாளாகவே கெட்டிருக்க வேண்டும், வலி இல்லாமல் இருந்திருக்காது என்றார் டாக்டர். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அத்தனை காலமும் அவள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள்.

மிச்சம் இருந்தது மதுவந்தி. ஒரே பெண். அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, சிரித்த முகம். ஆனால் சில நாள் வீட்டுக்குத் தாமதமாக வருவாள். டெலிபோன் அடித்தால் எனக்கு முன்னால் ஓடுவாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லேப்பா."

அதே வார்த்தை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதயத் துடிப்பை அளந்து காட்டுகிற கடிகாரம் ஒன்று வந்திருப்பதாக ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தேன். ஓட்டப்பந்தய வீரர்களுக்காகச் செய்தது. அம்மாவுக்கு இருந்த கோளாறு பெண்ணுக்கும் வரலாம் இல்லையா? அந்தக் கவலையில்தான் தேடிப் போனேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தியாகராய நகரில் ஒரு மாடிக் கடையில் மெஹபூப் அலி என்பவர் வெளிநாட்டுச் சாமான் விற்கிறார். அவரிடம் மூன்று விதம் இருந்தது. ஒன்றில் ஒயர் வந்து காது மடலைக் கவ்விக்கொள்ளும். ஒயரை யாரும் பார்த்துவிடலாம், பிடுங்கிவிடலாம். இன்னொன்றில் கடிகாரத்தின் முகப்பில் விரலை வைத்து அழுத்தினால் எண் வரும். அதில் ஒரு குறை. கட்டிக்கொண்டவர் மனசு வைத்தால்தான் எண் வரும். மூன்றாவதில் நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, கையில் கடிகாரம். நடுவே ஒயர் இல்லை.

"இதான் சார் ஒஸ்தி மாலு. ஃபாரின்ல அல்லாரும் இத்தக் கட்டிக்கினுதான் ஓடறான். நெஞ்சு அடிக்கிறது கைல நம்பரா வந்துக்கினே கீது" என்றார்.

"பட்டை ஒருத்தர்கிட்டயும் கடிகாரம் இன்னொருத்தர்கிட்டயும் இருந்தா வருமா?"

"அத்த யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல சார்." சிரித்துக்கொண்டே பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துச் சட்டைக்குள் கட்டிக்கொண்டார். கடிகாரத்தை நான் கட்டிக்கொண்டேன். கை நீட்டுகிற தூரத்துக்குள் நின்றால் வந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதரின் இதயம் என் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எண்பது, எண்பத்தொன்று, எண்பது.

"புதுசுதானே?"

"சத்தியமா புத்சு சார். டப்பாவே பிரிக்கல."

முகத்தில் அதே சிரிப்பு. எண் மட்டும் தொண்ணூற்றேழுக்குப் போனது. பட்டையின் ஓரத்தில் யாருடைய வியர்வைக் கறையோ இருந்ததை நான் முன்னமே பார்த்திருந்தேன். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். அவருக்கே ஆச்சரியம்.

மதுவந்தி முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "என்னை என்ன பாய்லர்னு நெனச்சுண்டேளாப்பா?" என்று சிரித்தாள். அப்பாவின் மன நிம்மதிக்காக வீட்டில் இருக்கும்போது மட்டும் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். சாப்பிடும்போது கடிகாரத்தை நான் கட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். அவளுடைய ஆபீஸ் மனிதர்களைப் பற்றிக் கேட்பேன். அனுப்ரியா என்று ஒரு தோழி, எண் அசையாது. ஸ்ரீஹரி என்று மேலாளர், அசையாது. சுஹாஸ் என்று ஒருவன் இருப்பதாக என் தங்கை ஜானு எப்போதோ வாய்தவறிச் சொல்லியிருந்தாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம், "சுஹாஸ் எப்படி இருக்கான்?" என்றேன்.

கரண்டி நடுங்கவில்லை. முகம் மாறவில்லை. எண் நூற்றுப் பத்தைத் தாண்டியது.

"கூட வேலை பாக்கறவர்ப்பா. வேற ஒண்ணுமில்லே."

ஜாதி, மதம் என்று நீங்கள் ஏதாவது நினைத்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். பையன் எங்கள் மனிதர்கள்தான். நல்ல குடும்பம், மந்தைவெளியில் வீடு. ஜானு மாம்பலத்திலிருந்து இதற்காகவே வந்தாள். "அண்ணா, எல்லாம் பொருந்தறது. அவா ஆத்துலயும் சம்மதம். நீங்க கோச்சுப்பேளோன்னு குழந்தை பயப்படறா. பேசி முடிச்சுடலாமே" என்றாள். கோபம் எனக்கு வருவதே கிடையாது, நீங்களே பார்க்கிறீர்கள். அவளே வாய் திறந்து கேட்டிருந்தால் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்திருப்பேன். ஆனால் அவள் ஒண்ணுமில்லே என்று சொன்னாளே. சொன்னதுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இருந்தால் திருத்தித்தானே ஆக வேண்டும்? திருத்தாமல் இன்னொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவது?

எங்கள் தெரு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தேன். ஒரு கோளாறும் இல்லை, குதிரை மாதிரி இருக்கிறாள் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்து, அம்மாவுக்கு இருந்ததுதான் உனக்கும், கொஞ்ச நாள் அலையாமல் இருக்க வேண்டுமாம் என்று மதுவந்தியிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. பயிற்சி நிலையத்துக்கு நானே பேசி லீவு சொன்னேன். டெலிபோனை என் அறைக்கு மாற்றினேன்.

அதற்கப்புறம் பட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். விலா எலும்புக்கு மேல் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டதாக ஜானுவிடம் சொன்னாளாம். "அப்பா, கழட்டிடட்டுமா? மூச்சு முட்டறது" என்று என்னிடமும் கேட்டாள். மூச்சு முட்டுவதே நோயின் அறிகுறி என்றேன். மிக்ஸி ஓடினால் எண் தாறுமாறாகக் காட்டும். அதை நிறுத்தினேன். டெலிவிஷனும் அப்படித்தான். மின்விசிறி ரெகுலேட்டரையும் அணைத்தேன். சித்திரை மாதம். ஜன்னலை மூடிய அந்த அறையில் அவள் கட்டிலில், நான் நாற்காலியில். அவள் எழுந்து சுவர் ஓரமாகப் போய் நிற்பாள். தூரம் அதிகமானால் எண் போய் வெறும் கோடு வரும். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போவேன். இந்தப் பக்கம் வருவாள். நானும் வருவேன். அடைத்துவைத்தேன் என்று ஜானு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். நானும் அதே அறையில்தான் இருந்தேன். நான் மட்டும் வெளிக்காற்று வாங்கவா போனேன்?

ஒரு நாள் அவள் பட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க கட்டிக்கோங்கோ. கடிகாரத்தை என்கிட்ட குடுங்கோ."

கட்டிக்கொண்டேன். அவள் எதிரே உட்கார்ந்து எண்ணைப் பார்த்தபடி கேட்டாள். "டாக்டர் நிஜமாவே அப்படிச் சொன்னாரா?"

"சொன்னார்."

"எனக்கு அம்மாவோட வியாதிதானா?"

"ஆமாம்மா."

கடிகாரத்தைத் திருப்பி எனக்கும் காட்டினாள். அறுபத்திரண்டு. முன்பும் அறுபத்திரண்டு, பின்பும் அறுபத்திரண்டு. பிறகு பட்டையை வாங்கித் தானே கட்டிக்கொண்டாள். அதுவரை எனக்கே ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான், நான் அவளிடம் சொன்னது பொய்யில்லை என்று எனக்கும் தெளிவாயிற்று.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மனைவி போன புதிதில் தூக்கம் வர எனக்கு எழுதிக் கொடுத்தது. நான் அதிகம் சாப்பிடவில்லை, மிச்சம் நிறைய இருந்தது. அவள் எண் ஓயாமல் உயர்ந்துகொண்டிருந்ததால் ஹார்லிக்ஸில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். எண் இறங்கியது. நாள் பூராவும் தூங்கினாள். பேச்சு குழறியது. ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் அந்தப் பையன் பெயரைச் சொன்னால் மறுபடி ஏறிவிடும். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டுவேன். ஏறுகிற உயரம் குறையும். சோதனைப் பிரிவிலும் இப்படித்தான், ஒரே திருப்பில் முள் இடத்துக்கு வந்துவிடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுஹாஸ் வாசலில் வந்து நின்றான். ஜானுதான் விலாசம் கொடுத்திருக்க வேண்டும். நான் விரட்டவில்லை. உள்ளே உட்காரவைத்தேன். மதுவந்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"என்ன மாமா இது, இப்படி எளைச்சுப் போயிட்டா?" என்றான். கண் கலங்கியிருந்தது. மரியாதையான பையன்.

"இதைப் பாருப்பா." கையை அவன் பக்கம் நீட்டினேன். "நீ வரதுக்கு முன்னாடி எழுபத்தி ரெண்டு. இப்போ பாரு, நூத்தி முப்பது. இவ அம்மாவும் இப்படித்தான் போனா. உன்னைத் தப்பு சொல்லலை. ஆனா நீ எதிர்ல உக்காந்துண்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இவளுக்கு ஆபத்து."

அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் எச்சரிக்கை ஒலி எழுப்பியது. எந்த எண்ணைத் தாண்டினால் ஒலிக்க வேண்டும் என்று எல்லை வைத்தவன் நான்தான்.

மதுவந்தி அவனைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லே சுஹாஸ். என்னைக் கூட்டிண்டு போயிடு" என்றாள். நாக்கு குழறியதில் பாதிதான் புரிந்தது. அவள் வாழ்நாளில் அந்த வார்த்தையை நிஜமாகச் சொன்னது அன்று ஒரு தடவைதான்.

அவன் அவளைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். படித்த பையன், எண்ணை நம்பினான். "நான் போயிடறேன் மாமா. அவளுக்குச் சரியாறவரைக்கும் இந்தப் பக்கமே வரலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினான். தெருமுனையில் நின்று அழுதானாம், எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள்.

அவன் போன பிறகும் எண் இறங்கவில்லை. மதுவந்தி சத்தம் போட்டு அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எண் மட்டும் இறங்கவே இல்லை. அன்று கரைத்தது வழக்கத்தைவிட நிறைய. எவ்வளவு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கரைத்தேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். குடித்தாள்.

மத்தியானம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுபது. அப்புறம் அறுபது. வெயிலுக்கு ஊரே அடங்கியிருந்தது. ஐம்பதுக்குக் கீழே போனபோது, இது தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொல்ல மாட்டேன். முள் தானாக அடங்குவதற்கும் அழுத்தமே இல்லாமல் விழுவதற்கும் வித்தியாசம் தெரியாதவனாக இருந்தால் எனக்கு அத்தனை வருஷம் யார் சம்பளம் கொடுத்திருப்பார்கள்? ஜானு சாயங்காலம் வந்து கதவைத் தட்டுகிறவரை நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மதுவந்தியைக் கொன்றது நான்தான். அங்கே கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஆனால் தெருவிலேயே டாக்டர் இருக்கும்போது ஏன் கூப்பிடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். எண் நாற்பதில் இருந்தபோது குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், "சுஹாஸ் வந்திருக்கான்" என்றேன். எண் அசையவில்லை. பெயரை மட்டும் இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னேன். அசையவில்லை. அவனை அவள் அடியோடு மறந்துவிட்டாள் என்று அந்த நிமிஷம் எனக்கு நிச்சயமாயிற்று. என் பெண் குணமாகிவிட்டாள். அப்புறம் டாக்டர் எதற்கு?