குறுக்குக்கட்டை

– தலையைக் குனிஞ்சு வாடா. வளைவுக் கல்லு ஆடுது.

– நீ தோண்டுற குழியப் பாக்கத்தான் கடையைப் பூட்டிட்டு வரச் சொன்னியாக்கா? இந்தக் கோட்டையப் பேத்துத்தானே ஊர்ல பாதி வீடே கட்டுனாங்க. பெரியப்பா வீட்டுக் குளியலறை ஜன்னலே அம்பு விடுற சந்துதான்.

– வளவளன்னு பேசாம இங்க பாரு. பெரிய கதவு நின்ன இடம் இது. சுவருக்குள்ள நீளமா துளை போகுதா? குறுக்குக்கட்டை அதுக்குள்ளதான் ஓடும். உள்ள இழுத்தா கதவு திறக்கும். தள்ளினா எதிர்ச்சுவர்க் குழியில போய் மாட்டிக்கும்.

– சரி, கதவுக்குக் காவல் இருந்த நம்ம பாட்டன் இழுத்தாரு. எதிரி வந்தான், கோட்டை எரிஞ்சுது, நமக்குக் ‘கதவு திறந்தான் வீடு’ன்னு பேரு வந்துச்சு. தெரிஞ்ச கதைதானே.

– இழுக்கலடா.

– என்னது?

– கட்டையோட நுனி இந்த எதிர்ச்சுவர்க் குழியிலயே கரிஞ்சு கிடக்கு. கையை விட்டுப் பாரு. எரியும்போது கதவு பூட்டித்தான் இருந்திருக்கு.

– அக்கா! நெஜமாவா? உன் மருமக நேத்துக்கூட பள்ளிக்கூடத்துலேர்ந்து அழுதுட்டு வந்தா. காட்டிக்கொடுத்தவன் வீட்டுப் பொண்ணு பக்கத்துல உக்கார மாட்டேன்னுச்சாம் ஒண்ணு. அப்பா சாகுற வரைக்கும் நாலு பேர் நடுவுல வாயைத் திறக்கலியே! வாசல்ல பலகை வைக்கப் போறேல்ல, அதுல கொட்டை எழுத்துல எழுது, அவரு திறக்கலன்னு.

– எழுதலாம்.

– என்ன இழுக்குற? முகம் ஏன் இப்படிப் போகுது?

– அந்தத் தார்ப்பாய்க்கு அடியில எலும்பு இருக்குடா. கதவை ஒட்டி, ஒண்ணு மேல ஒண்ணா.

– எதிரிங்களா?

– கதவுக்கு உள்பக்கம். ஊர் சனங்க. எதிரிக்குப் பயந்து கோட்டைக்குள்ள ஒண்டினவங்க. மதிலைத் தாண்டி நெருப்பு வந்து விழுந்திருக்கு. கூரை பத்திக்கிட்டதும் எல்லாரும் இங்கதான் ஓடி வந்திருக்காங்க.

– கட்டைய அவங்களே இழுத்திருக்கலாமே?

– இழுக்குற பிடி காவல்காரர் அறைக்குள்ள. அவரால மட்டும்தான் முடியும். அங்கேர்ந்து மதில் மேல ஏறப் படி இருக்கு. அப்படித்தான் தப்பிச்சிருக்காரு.

– வெளிய எதிரி நின்னானேக்கா. காவல்காரன் எப்படித் திறப்பான்?

– அதைத்தான் நானும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். சோறு இறங்க மாட்டேங்குது.

– சின்னப் பிள்ளைங்களும் இருக்கா?

– உன் மக உசரத்துக்கு ஒண்ணு இருக்கு. கதவைப் பாத்து கை நீட்டினபடி.

– ஐயோ… அப்போ திறந்தாருன்னு யாருக்கா கிளப்பி விட்டது?

– உள்ள இருந்ததுல உயிரோட வெளிய வந்தது அவரு ஒருத்தர்தான்டா. அவரு வாயால சொன்னாத்தான் உண்டு.

– பூட்டுன கதவை விட்டுட்டு ஓடினேன்னு சொல்ல முடியாம, திறந்தேன்னாரா?

– சொல்லுடா. பலகையில என்ன எழுதட்டும்?

– அவரு சொன்னதே இருக்கட்டும்க்கா. திறந்தாருன்னே எழுது.