கோமளா டீச்சரின் மூன்றாவது வரிசை

மேடையில் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைப் பெரியோர்களே, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து சேர்ந்திருக்கும் பெற்றோர்களே, என் சக ஆசிரியர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் கோமளா டீச்சரின் கணவர் தங்கவேல் அவர்களே! இந்தச் சிறப்புப் பள்ளியின் தலைமையாசிரியன் லோகநாதன், கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். டீச்சரின் படத்துக்கு மல்லிகை மாலை இல்லை, வெறும் துணி மாலைதான் போட்டிருக்கிறோம். வாசலிலேயே இரண்டு பேர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். பூ வாங்க மறந்துவிடவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், நம்முடைய கோமளா டீச்சர்...

பாருங்கள், எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் ‘எங்களை விட்டுப் பிரிந்த’ என்று அச்சடித்திருக்கிறோம். எனக்கு முன்னால் பேசியவர்கள் ‘மறைந்த’ என்றார்கள், ‘இயற்கை எய்திய’ என்றார்கள், ‘இறைவனடி சேர்ந்த’ என்றார்கள். எல்லாம் மரியாதையான வார்த்தைகள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட டீச்சர் தம் வகுப்பறைக்குள் விட்டதில்லை. ஏன் விடவில்லை என்பதையும், அவர் விடாததை நான் எப்படி உள்ளே விட்டேன் என்பதையும் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

காட்டுப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, இருபத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பள்ளியில் பாடம் சொன்னவர் கோமளா டீச்சர். நான் வந்து ஒன்பது ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னால் சாதாரணப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அதட்டினால் பிள்ளைகள் அடங்கும் என்பதுதான் நான் அறிந்த கல்வி. இங்கே வந்த முதல் வாரமே என் அதட்டலின் மதிப்பு தெரிந்துபோயிற்று. நான் ஓங்கிக் கத்தினேன். ஒரு பையன் என்னைவிட ஓங்கிக் கத்தினான். டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு என்னைத்தான் வெளியே அனுப்பினார்.

இப்போது மல்லிகைப் பூவின் கதையைச் சொல்கிறேன். திருவேற்காட்டில் ஷேர் வேன் ஓட்டும் கோவிந்தன் இங்கே வந்திருக்கிறார். அவருடைய மகள் தேவிப்பிரியா ஆறு வயதில் நம் பள்ளிக்கு வந்தாள். பேச்சு கிடையாது. கோபமோ பயமோ வந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். ரத்தம் வரும் வரைக்கும் கடிப்பாள். அதுவும் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். அம்மன் நாளில் இப்படி ஆகிறதே என்று வீட்டார் பயந்தார்கள். எங்கெங்கோ கூட்டிப்போய் மந்திரித்தார்கள். பிடிவாதம், இரண்டு நாள் பட்டினி போட்டால் சரியாகும் என்று சொன்ன மேதை ஒருவரும் உண்டு. அவர் யார் என்று கேட்காதீர்கள், மைக் இப்போது அவர் கையில்தான் இருக்கிறது.

டீச்சர் என்ன செய்தார்? ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். கடித்த நேரம், கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்த பின்னால் என்ன நடந்தது, இந்த மூன்றை மட்டும் எழுதினார். ஐந்து வாரம் எழுதினார். பிறகு நம்முடைய உதவியாளர் பூங்காவனம் அம்மாவைக் கூப்பிட்டு, செவ்வாய் வெள்ளிக் கிழமைகளில் நீங்கள் என்ன வித்தியாசமாகச் செய்கிறீர்கள் என்று கேட்டார். பூங்காவனம் அம்மா யோசித்துச் சொன்னார், அந்த இரண்டு நாள் மட்டும்தான் கோயிலுக்குப் போய்விட்டுத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வருவதாக.

அவ்வளவுதான். பூ வாசனை அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை. தாங்கவில்லை என்று சொல்ல அவளிடம் வாய்மொழி இல்லை, பல் இருந்தது. அன்று முதல் பூங்காவனம் அம்மா பூச்சரத்தை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார், மாலையில் எடுத்து வைத்துக்கொண்டு போவார். அந்த ஆணி இன்னும் இருக்கிறது. நாளைக் காலையில் அந்தப் பிள்ளை இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். டீச்சரின் படத்தில் மல்லிகை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பூவை எடுத்ததோடு கடி நின்றுவிட்டதா? இல்லை. பூ இல்லாத நாளிலும் உலகத்தில் தாங்க முடியாதது எவ்வளவோ இருக்கிறதே! டீச்சர் அவளுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தார். அதில் ஒரு கையின் படமும் ‘போதும்’ என்ற எழுத்தும் இருக்கும். தாங்கவில்லை என்றால் கடிக்காதே, இந்த அட்டையை நீட்டு என்று பழக்கினார். அட்டையை நீட்டிய மறுகணமே சத்தமோ வேலையோ எதுவாக இருந்தாலும் நிறுத்தினார். ஆயிரம் தடவை நீட்டினாலும் ஆயிரம் தடவையும் நிறுத்தினார். இரண்டு ஆண்டுகள் ஆயின. ஓர் ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தேவிப்பிரியா மேடையேறிப் போய் அவர் கையில் ‘போதும்’ அட்டையைக் கொடுத்தாள். டீச்சர் மட்டும் கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். பெருமைக்குரிய அந்த விருந்தினரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அவள் மணிக்கட்டில் புண் ஆறி, புதுத்தோல் வந்தது.

அவர் பிள்ளைகளை மட்டுமா பார்த்துக்கொண்டார்? வகுப்பின் மூலையில் ஒரு பாய் விரித்து, அதன்மேல் புளியங்கொட்டை அடைத்த ஒரு கனமான பை வைத்திருப்பார். மனம் கொந்தளிக்கும் பிள்ளை அங்கே போய் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம், யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது சட்டம். என் மனைவி இறந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மதியம் எங்கே போவதென்று தெரியாமல் அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. நடந்து வந்து பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எத்தனையோ பேர். நினைவில் இருப்பது அந்தக் கனம்தான்.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அவர் வகுப்பு வாசலில் ஒரு பலகை உண்டு. பிள்ளைகள், ஆசிரியர்கள், பூங்காவனம் அம்மா, எல்லோருடைய புகைப்படமும் உள்ளங்கை அளவில் அதில் ஒட்டியிருக்கும். எடுத்து எடுத்து ஒட்டலாம். முதல் வரிசை ‘வந்திருக்கிறார்கள்’. இரண்டாவது வரிசை ‘இன்று வரவில்லை, திரும்பி வருவார்கள்’. காலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தைத் தானே முதல் வரிசையில் ஒட்டிவிட்டுத்தான் உள்ளே நுழையும். அது முடிந்தால்தான் அவர்களுக்கு நாள் தொடங்கும்.

நான்கு ஆண்டுக்கு முன்பு, தசை பலம் குன்றும் நோயால் நம் மாணவன் ராகேஷ் இறந்தான். மறுநாள் டீச்சர் பலகையில் மூன்றாவதாக ஒரு வரிசை போட்டார். ‘இனி வரமாட்டார்கள்.’ நான் சண்டைக்குப் போனேன். இதென்ன கொடுமை, பெற்றோர் பார்த்தால் என்ன ஆகும், ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போங்களேன் என்றேன். அவர் கோபப்படவில்லை.

“சார், இந்தப் பிள்ளைங்க நம்ம மூஞ்சியப் பாத்து எதையும் தெரிஞ்சுக்க மாட்டாங்க. பலகையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறாங்க. அது ஒரு தடவ பொய் சொல்லிட்டா, அப்புறம் அவங்க நம்பறதுக்கு என்ன இருக்கு?”

ஊருக்குப் போனான் என்றால் ஊருக்குப் போகிற எல்லோரையும் பார்த்துப் பிள்ளை பயப்படும், தூங்குகிறான் என்றால் தூங்கப் பயப்படும் என்றார். பிள்ளைகளை உட்காரவைத்து, “ராகேஷ் செத்துப்போயிட்டான், இனிமே வரமாட்டான்” என்று சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் படத்தைத் தொட்டுப் பார்க்க, அதை மூன்றாவது வரிசையில் ஒட்டினார். இரண்டு நாள் வகுப்பே அழுதது. ஆனால் மூன்றாம் நாள் ஒரு பிள்ளைகூட ராகேஷின் நாற்காலியைப் பார்த்து ஏங்கவில்லை.

இப்போது என் தவறைக் கேளுங்கள். டீச்சர் காய்ச்சலில் விழுந்த திங்கட்கிழமை காலையில், அவரே போன் செய்து, என் படத்தை இரண்டாவது வரிசையில் வையுங்கள், புதன்கிழமை வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள் என்றார். அன்று அது உண்மை. செவ்வாய்க்கிழமை அது பொய்யாகிவிட்டது. இரண்டு நாள் விடுமுறை விட்டு வியாழக்கிழமை பள்ளி திறந்தபோது, பூங்காவனம் அம்மா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்.

“டீச்சர் படம் ரெண்டாவதுலயே கீதே சார். இன்னா பண்றது?”

அப்படியே இருக்கட்டும்மா என்றேன். என்னால் தொட முடியவில்லை. என் துக்கத்துக்கு வசதியாக ஒரு பொய்யை அங்கே ஒட்டியபடியே விட்டுவிட்டேன்.

தேவிப்பிரியாவுக்கு இப்போது பத்து வயது. தினமும் காலையில் டீச்சரின் படத்தை எடுத்து முதல் வரிசையில் ஒட்டுவாள். பூங்காவனம் அம்மா அதை எடுத்துத் திரும்பவும் கீழே வைப்பார். அவள் வாசல் கேட் அருகே போய் நின்றுகொள்வாள். ஷேர் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். நான்காம் நாள் மறுபடி கடிக்கத் தொடங்கினாள், அந்தப் புதுத்தோலைக் கிழித்துக்கொண்டாள்.

முந்தாநாள் கோவிந்தன் என் அறைக்கு வந்தார். கட்டுப்போட்ட கையோடு மகளையும் கூட்டி வந்திருந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

“சார், டீச்சர் வர மாட்டாங்கன்னா அத்த சொல்லிடுங்க சார். எம் பொண்ணு தாங்கிக்கும். காத்துகினு கீறதத்தான் அதால தாங்க முடியல.”

அவர்கள் போன பிறகு டீச்சரின் மேசையைத் திறந்தேன். அதே மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. டீச்சர் போன பிறகும் பூங்காவனம் அம்மா அதில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எட்டாம் வகுப்பு படித்த கை, கோணல் எழுத்து. ‘கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது’ என்ற இடத்தில், அவள் கடித்த நான்கு நாளும் ஒரே வரிதான். ‘டீச்சர் படத்தை மேலே வைத்தாள். நான் கீழே வைத்தேன்.’

ஐந்து வாரம் எழுதி மல்லிகைப் பூவைக் கண்டுபிடித்த அதே முறை, நான்கே நாளில் என்னைக் கண்டுபிடித்துவிட்டது! கோவிந்தன், உங்கள் மகளின் கையைப் புண்ணாக்கியது என் கோழைத்தனம். இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

பெரியோர்களே, டீச்சர் பெயரில் ஓர் அறை கட்டலாம், பரிசு வைக்கலாம் என்றெல்லாம் இங்கே பேசினீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். நான் கொடுக்கும் உறுதி சின்னது. அந்த நோட்டை நாங்கள் நிறுத்த மாட்டோம். ‘போதும்’ என்று நீட்டும் அட்டைக்கு மதிப்பளிப்போம். அந்தப் பலகையை இனி ஒரு நாளும் பொய் சொல்ல விட மாட்டோம். நாளைக் காலையில் டீச்சரின் படத்தை நானே எடுத்து மூன்றாவது வரிசையில் ஒட்டுவேன். தேவிப்பிரியா அலறலாம், என்னை அடிக்கலாம். அவள் கையைப் பிடிக்க மாட்டேன். தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, புளியங்கொட்டைப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். டீச்சர் கற்றுக்கொடுத்தது அதுதான்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். பிள்ளையிடம் கடினமான சேதியைச் சொல்லும் முன், அதை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிப் பார்க்க வேண்டும் என்பார். பழகாமல் போனால் நம் நடுக்கம்தான் பிள்ளைக்குப் போய்ச் சேரும், சேதி சேராது. இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துச் சொல்ல முயன்றேன், வாய் வரவில்லை. தங்கவேல் அவர்களே, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

கோமளா டீச்சர் செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.

குரல் நடுங்கிவிட்டது. இன்னொரு முறை சொல்கிறேன்.

கோமளா டீச்சர் செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.

மூன்றாவது முறை, நாளைக் காலை ஒன்பதே கால் மணிக்கு, தேவிப்பிரியாவிடம் சொல்வேன்.