“பக்கத்துல யாரு?”

மாத்தளையிலிருந்து யட்டவத்தைக்குப் போகும் பஸ்ஸில், என் பக்கத்துச் சீட்டுப் பெண் வீடியோ கோலில் தன் காதலனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தோட்டத்துக் கங்காணிகூட காலையில வேலைக்குப் பிரிக்குற பெரட்டுல ஒருக்காத்தான் பேர் கூப்புடுவாரு. நீங்க மணிக்கு ஒருக்கா கூப்புடுறீங்க!”

“லவ் இருக்கதாலதான் கேக்குறேன். பக்கத்துல ஒரு ஆம்பள தோள் தெரியுது. யாரு? காட்டு.”

“எங்கப்பா கல்யாணத்துக்கு முந்தி எங்கம்மாவ மாசத்துக்கு ஒருக்கா கோயில்லதான் பார்த்தாராம். எங்க போன, யாரோட பேசுனன்னு ஒரு நாளும் கேட்டதில்லயாம்.”

“அவருகிட்ட போன் இல்ல. காட்டுறியா, இல்லயா?”

“பாரு! நல்லா பாரு!”

போன் என் முகத்துக்கு நேராகத் திரும்பியது. நான் வயிற்றை எக்கிக்கொண்டேன். நல்லவேளையாக, மீசைக்கு அன்று காலையில்தான் மை பூசியிருந்தேன்.

அவன் ஒரு கணம் பார்த்தான். “ஆ, இந்த அங்கிளா? இவரு பரவாயில்ல. நீ அங்கேயே இரு.”

அவள் முகம் சிவந்துவிட்டது.

“நான் எங்க இருக்கணும்னு சொல்ல நீ யாருடா? இவரு பரவாயில்லயாம், அடுத்தவன் ஆகாதாம்! கேட்டுக்க, இனி என் பக்கத்துல யார் வேணும்னாலும் இருப்பாங்க. நீ இருக்க மாட்ட!”

கோலை வெட்டினாள். அவன் நம்பரை அங்கேயே புளொக் பண்ணிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நியாயம் முழுக்க அவள் பக்கம்தான். எனக்கும் அவன்மேல் சரியான கோபம். ஆனால் என்னுடையது அந்தப் “பரவாயில்ல”வுக்காக.