மூணு மணிக்குக் கோர்ட்

— பெல் எதுக்கு அடிக்கிறீங்க? கதவுப் பூட்டோட நம்பர் தெரியும்தானே?

— நீ அதை மாத்தியிருப்பேன்னு நெனச்சேன் மிரான்.

— ஆமா, எனக்கு வேற வேலை இல்லை பாருங்க. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க... ஐயோ, என்ன இது, சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு!

— பஸ் ஸ்டாப்லேர்ந்து நடந்துதான் வந்தேன். நம்ம தேகு ஊர் வெயிலுக்கு வேற எப்படி இருக்கும்? நீ இன்னும் கிளம்பலையா?

— மூணு மணிக்குத்தானே? இப்ப ஒண்ணரை. கோர்ட் என்ன, எழுந்து ஓடியா போயிடப் போகுது?

— இல்ல... போன தடவை நான் வராததுக்கே நீ...

— அந்தப் பேச்சை எடுக்காதீங்க சொல்லிட்டேன். ரெண்டு மணி நேரம்! ஒத்தையா உக்காந்திருந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாம் என்னையே பாக்கிறாங்க. விவாகரத்து வாங்கிக்கக்கூட இவளுக்குப் புருஷன் வரலை பாருன்னு.

— தப்புதான். மன்னிச்சிடு.

— இதோ, இன்னிக்குக் கடைசித் தேதி. ரெண்டு பேரும் போய் ஜட்ஜ் முன்னாடி நிக்கலைன்னா, எழுதிக் குடுத்த காகிதம் அதோட போச்சு. மறுபடியும் முதல்லேர்ந்து எல்லாம். அதுக்குத்தான் உங்களை நேரா இங்கயே வரச் சொன்னேன். கையோட இழுத்துட்டுப் போயிடலாம்னு.

— அதான் வந்துட்டேன்ல.

— சாப்ட்டீங்களா?

— ம்... ஆச்சு.

— வாய் ஆச்சுங்குது, வயிறு இங்க வரைக்கும் கத்துது.

— காலைல ஒரு லிஃப்ட் பதினாலாவது மாடில மாட்டிக்கிச்சு. உள்ள ஒரு பெரியவரும் அவர் நாயும். இறக்கி விட்டுட்டு நேரா வர்றேன்.

— அந்த நாய்க்குக்கூட வேளாவேளைக்குச் சோறு கிடைக்கும். பத்து நிமிஷம் இருங்க. கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணியில நூடுல்ஸ் போட்டுத் தர்றேன். ஜில்லுனு ஒரு கிண்ணம் குடிச்சிட்டுக் கிளம்புவோம்.

— நேரமாயிடாதா?

— சேமியா கணக்கா மெல்லிசு. மூணு நிமிஷத்துல வெந்துடும். நின்னு வேடிக்கை பாக்காம அடுப்புல தண்ணி வைங்க.

— எந்தப் பாத்திரம்?

— விருந்தாளி மாதிரி கேக்கிறீங்க!

— விருந்தாளிதானே இப்ப.

— ...கீழ் தட்டுல இருக்கு. பெரிசு.

— இரு இரு. இந்தக் கிம்ச்சி... இது அம்மா கை வாசனையாச்சே.

— மூக்கு மட்டும் நல்லா வேலை செய்யுது உங்களுக்கு.

— எப்ப வந்துச்சு?

— போன வாரம் கூரியர்ல. இவ்ளோ பெரிய டப்பா, ரெண்டு. "வெயிலுக்குத் தண்ணி நிறைய விட்டுப் போட்டிருக்கேன், என் பையனுக்கு ஊத்திக் குடு"ன்னு போன் வேற.

— நீ ஒண்ணும் சொல்லலையா அவங்ககிட்ட?

— நான் எதுக்குச் சொல்றேன்? உங்கம்மா. நீங்க சொல்லுங்க.

— சொல்லத்தான் போனேன். வாசல்ல கால் வெச்சதும் ரப்பர் கையுறையை மாட்டிவிட்டு, முட்டைக்கோஸ் முன்னாடி உக்கார வெச்சுட்டாங்க. நாற்பது தலை. அப்புறம் எங்க சொல்றது?

— ஓ... அப்ப இது நீங்க போட்டதா! அதான் உப்புக் கரிக்குது.

— நல்லா இருந்தா அம்மா, கரிச்சா நானா?

— வேற யாரு? பேச்சைக் குறைச்சு அந்த வினிகரை எடுங்க. ரெண்டு கரண்டி. சர்க்கரை ஒண்ணரை.

— ரெண்டு போடேன்.

— சர்க்கரைக்கு மாத்திரை யாரு முழுங்கறது? நானா? ...ஒண்ணரைதான். கலக்கி ஃப்ரீசர்ல வைங்க. இருபது நிமிஷம் இருந்தா பனி பூத்த மாதிரி மேல லேசா உறையும்.

— இருபது நிமிஷமா! பத்து நிமிஷம்னு சொன்னியே? ஐஸ் கட்டி போட்டா முடிஞ்சுது.

— ஐஸ் கட்டி கரைஞ்சு சப்புனு ஆயிடும். சாப்பிடறதை ஒழுங்காச் சாப்பிடணும்.

— சரி சரி. வெச்சாச்சு... மிரான், தண்ணி கொதிக்குது.

— நூடுல்ஸை விசிறி மாதிரி விரிச்சுப் போடுங்க. அப்படியே கொத்தாப் போடாதீங்க, ஒட்டிக்கும்.

— எவ்ளோ?

— மூணு பிடி.

— ரெண்டு பேருக்கு மூணு பிடியா?

— நீங்க ஒரு பிடில நிறுத்துற ஆளா? ...பொங்குது, பொங்குது! பச்சைத் தண்ணி ஊத்துங்க, சீக்கிரம்!

— ஊத்திட்டேன். அடங்கிடுச்சு.

— இன்னும் ரெண்டு தடவை பொங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர். அப்பதான் இழை இழையா நிக்கும்.

— உனக்குக் கோவம் வர்றப்ப இப்படி ஊத்த ஒரு டம்ளர் என்கிட்ட இல்லாமப் போச்சு.

— உங்க வாய்ல ஒரு வார்த்தை இல்லாமப் போச்சு. அதைச் சொல்லுங்க.

— ...

— இப்பக்கூடப் பாருங்க. வாயில கொழுக்கட்டை. வடிச்சு எடுத்து இந்தக் குழாய்த் தண்ணியில ஐஸ் கட்டி போட்டுக் கசக்குங்க. துணி கசக்குற மாதிரி, நல்லா.

— கை விறைச்சுப் போகுது.

— விறைக்கட்டும். நானும் அன்னிக்கு விறைச்சுப் போய்த்தான் நின்னேன்.

— எந்த அன்னிக்கு?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க. எங்கப்பா போனப்ப. மூணு நாள் காரியம். சாவு மண்டபத்துல மாப்பிள்ளை நின்னு, வர்றவங்களுக்குக் குனிஞ்சு மரியாதை செய்ய வேண்டிய இடத்துல என் தம்பி ஒத்தையா நின்னான். "மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே"ன்னு கேட்டே கொன்னாங்க என்னை. நீங்க மூணாம் நாள் காலைல, எடுக்கிற நேரத்துக்கு வந்தீங்க.

— புயல்ல மொத்தக் குடியிருப்புலயும் லிஃப்டுக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. பதினோரு லிஃப்ட். மேல மாட்டிக்கிட்டவங்க...

— அது தெரியும். டிவில காட்டினாங்க. நான் கேக்கிறது அது இல்லை. ஒரு போன். ரெண்டு நாள்ல ஒரே ஒரு போன் பண்ண முடியலையா?

— முடிஞ்சிருக்கும்.

— அப்புறம்?

— பயம்.

— எதுக்குப் பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

— நீ அழுவே. எனக்கு... லிஃப்டுல மாட்டினவங்க அழுதா என்ன சொல்லணும்னு தெரியும் மிரான். கதவுக்கு வெளிய நின்னு, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்"னு சொல்வேன். அவ்ளோதான். அழுகை நின்னுடும். உனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. போனைக் கைல எடுத்து எடுத்து வெச்சேன்.

— அதையே சொல்லியிருக்கலாமே.

— எதை?

— நான் வந்துட்டேன்னு... எப்ப வந்தா என்ன. சொல்லியிருக்கலாம். குழாயை மூடுங்க. வீணாப் போகுது.

— மிரான்.

— என்ன?

— மன்னிச்சிடு. அப்பா காரியத்துல நான் பண்ணது பெரிய தப்பு. உன்னை அப்படித் தனியா நிக்க விட்டிருக்கக் கூடாது.

— ...ரெண்டு வருஷம் ஆச்சு, இந்த ஒரு வாக்கியம் வெளிய வர.

— அழாதே.

— யாரு அழறா? வெங்காயம்.

— வெங்காயம் எங்க இருக்கு இதுல?

— வெள்ளரிக்காய். போங்க, ஃப்ரீசர்லேர்ந்து அதை எடுங்க.

— ஆகா... மேல அப்படியே பனி பூத்திருக்கு. மணி ரெண்டேகால் ஆயிடுச்சு. அரை மணி நேர வழி, பாத்துக்கோ.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். நூடுல்ஸைச் சுருட்டிக் கிண்ணத்துல வைங்க. மேல கிம்ச்சி. வெள்ளரிக்காயை நான் நறுக்கறேன். நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, எள்ளு... அவிச்ச முட்டை ஒண்ணுதான் இருக்கு.

— நீ சாப்பிடு.

— பாதி பாதி. மஞ்சள் கருவை எனக்குத் தள்ளி விடற வேலை வேண்டாம் இன்னிக்கு.

— உனக்குப் பிடிக்கும்னுதான் பதினெட்டு வருஷமா...

— எனக்குப் பிடிக்காது. உங்களுக்குப் பிடிக்காதேன்னு நான் தின்னேன்.

— எனக்கு ரொம்பப் பிடிக்கும்!

— சரியாப் போச்சு போங்க. உக்காருங்க. எப்படி இருக்கு?

— ம்ம்... ஹா... பல்லு கூசுது. உச்சந்தலை வரைக்கும் ஏறுது. கரிக்கவே இல்லையே!

— நான் வினிகர் போட்டுச் சரி பண்ணியிருக்கேன். மெதுவா, மெதுவா. புரை ஏறப் போகுது.

— மிரான்... மணி ரெண்டே முக்கால். இப்ப டாக்சி புடிச்சாக்கூட...

— இன்னும் ஒரு பிடி இருக்கு. வெச்சா ஊதிப் போயிடும். குப்பையில கொட்டச் சொல்றீங்களா?

— கோர்ட்...

— உங்கம்மா நாற்பது தலை கிம்ச்சி போட்டது கொட்டறதுக்கா?

— சரி. அப்ப எனக்குப் போடு. தண்ணியும் கொஞ்சம் ஊத்து.

— ...இந்தாங்க.

— நீயும் எடுத்துக்கோ.

— ம்.

— ரெண்டு கிண்ணமும் காலி.

— மணி என்ன?

— பாக்கலை.

— பாருங்க.

— மூணு இருபது.

— போச்சா?

— போச்சு.

— எல்லாம் உங்களாலதான். அன்னிக்கே ஒழுங்கா வந்திருந்தா...

— தப்புதான். மன்னிச்சிடு.

— அதுக்கு மன்னிப்புக் கேக்காதீங்க! போதும்! அப்பாவுக்குக் கேட்டீங்கல்ல, அது போதும் எனக்கு... கேளுங்க, நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

— நான் என்னிக்குத் திட்டியிருக்கேன்?

— போன தடவை நான் கோர்ட்டுக்குப் போகவே இல்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். விவாகரத்து கேட்டதே நான், நானே போகலைன்னா மானம் என்னாகிறது? சாயங்காலம் உங்க போன் வந்ததும் மாட்டினேன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்கு "நான் இன்னிக்கு வர முடியலை"ன்னீங்க... அப்பாடான்னு ஆயிடுச்சு. ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன்னு அள்ளி விட்டுட்டேன்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ வரலைன்னு. நான் ரெண்டரைக்கே போயிட்டேன். அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்தற வரைக்கும் அங்கதான் இருந்தேன். நீ கேட்டதுல ஒண்ணையாவது ஒழுங்காச் செஞ்சு குடுக்கணும்னு போனேன்.

— அடப்பாவி மனுஷா... அப்புறம் வரலைன்னு எதுக்குச் சொன்னீங்க? மூணு வாரமா செய்யாத தப்புக்குத் தினம் என்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு...

— நீ ஏன் வரலைன்னு நான் கேட்டிருந்தா, ரோஷத்துல இன்னிக்குக் காலைலயே போய்க் கோர்ட் வாசல்ல நின்னிருப்பே. நான் வரலைன்னு சொன்னதால... தினமும் நீயே போன் பண்ணித் திட்டினே. அதுவரைக்கும் நான் பண்ணா நீ எடுக்காமலே இருந்த போன், மிரான்.