குனிந்து பார்த்தவர்

செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள், ஐயா. போதாது. தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினை மூன்றே மாதத்தில் தின்றுவிடும். முன்பக்கத்துப் பல்சக்கரம், பின்பக்கத்துப் பல்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஏனோதானோ வேலை எனக்கு ஆகாது.

அந்த மோட்டார் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையிலிருந்துதான் கொண்டுவந்தேன். அதை எழுப்பி ஓடவைக்கப் பதினோரு வருஷம் ஆனது. மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது ஒரு வக்கீலுக்கு விற்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பட்டறைதான் வெறிச்சோடிப் போனது.

வக்கீல் அதை மழையில் நிறுத்தினார். செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டவில்லை. ஒரே வருஷத்தில் அது கரகரவென்று கத்த ஆரம்பித்ததும் என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் கண்ணியின் மேல் நகத்தளவு லாக் ஒன்று உண்டு. அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பிளந்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். திசை மாற்றிப் போட்டால் இன்றைக்கோ அடுத்த வாரமோ கழன்று பறந்துவிடும். செயின் பிரிந்து உள்ளே சுருண்டுகொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

நான் மாற்றித்தான் போட்டேன்.

"ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு செயினைப் பார்த்துக்குங்க சார்," என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

"அதுக்குத்தானே நீ இருக்கே," என்றார்.

பார்த்திருந்தால் பிழைத்திருப்பார். வண்டியை மதிக்கிறவன் குனிந்து பார்ப்பான், மதிக்காதவன் போவான். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஒரு இறக்கத்தில் போய்விட்டார். இனி அது தன் கண்ணில் படக்கூடாது என்று அவர் மனைவியே வண்டியை என்னிடம் அனுப்பிவிட்டார்.

என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "மனுஷனை முழுங்கின வண்டி. வித்துத் தொலைங்க, இல்லாட்டி நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்," என்றாள். வண்டியை வாங்கிக்கொள்ளப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியாரை அவளே கூட்டியும் வந்தாள்.

தங்கமான மனுஷர், அதைச் சொல்லியாக வேண்டும். ஏறி உட்காரும் முன் டேங்கைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். என்னிடம் மூன்று உதை வாங்கினால்தான் அந்த வண்டி கிளம்பும். அவர் காலை வைத்தார். ஒரே உதையில் கிளம்பியது.

"என்னண்ணே, இதுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போலிருக்கே," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். "செயின், பல்சக்கரம் எல்லாம் புதுசாப் போட்டுத் தரேன். நாளைக்கு வந்து எடுத்துக்குங்க," என்று நானே சொன்னேன்.

கொண்டுபோன நாலாம் நாள் திரும்பி வந்தார். கையில் ஏதோ மெக்கானிக் புத்தகம். முழங்கால் போட்டுக் குனிந்து, லாக்கை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, படத்துல மூடின பக்கம்தானே முன்னாடி இருக்கு? இதுல மாறியிருக்கே."

என் கையில் குறடு இருந்தது. கழற்றித் திருப்பிப் போட அரை நிமிஷம் ஆகும்.

"அது புது வண்டிங்களுக்கு, வாத்தியாரே. இவ சமாச்சாரம் வேற. எனக்குத் தெரியாததா?"

"நீங்க சொன்னா சரிதாண்ணே," என்று எழுந்து போனார். அன்றைக்கும் ஒரே உதைதான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். பார்க்காதவன்தான் போவான் என்று சொன்னேன். வாத்தியார் பார்த்தார், கேட்கவும் கேட்டார். நான்தான் அனுப்பிவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று, ஐயா. வண்டியை ஸ்டேஷன் வாசலில் மழையில் போட்டிருக்கிறீர்கள். பல்சக்கரங்கள் இரண்டும் புத்தம் புதுசு. யாரையாவது கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்கள். வழக்கு முடிந்ததும் அது என்னிடம்தானே வரும்.