சத்தம் வராத கியர்

ஜார்ஜ்டவுன் கிளினிக்கில் மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் தோழியிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் இப்ப வாயாலதான் கியர் மாத்துறார்."

"புதுக் காடி ஆட்டோ கியர் கார்தானே அக்கா?"

"ஆட்டோதான். ஆனா உள்ள கியரே இல்லையாம், பெல்ட்டுதானாம். சின்ன இஞ்சினுக்கு அதுதான் தோதாம், பெட்ரோலும் மிச்சமாம். இப்ப வர்ற காடியெல்லாம் அப்படித்தானாம். இவர் முப்பது வருசம் லாரி ஓட்டுன மனுசன். கியர் மாறுற சத்தமே கேக்கலன்னு மூணு தடவ ரிப்பேர் கடைக்குக் கொண்டு போயிட்டார்."

"கடையில என்ன சொன்னாங்க?"

"'சத்தம் கேட்டாத்தான் அங்கிள் கோளாறு'ன்னுட்டாங்க. அன்னையிலேர்ந்து இவரே 'ம்ம்ம்... டக்'குனு சத்தம் போட்டுக்கிட்டு ஓட்டுறார். இப்பதான் மனசு நிம்மதியா இருக்காம்."

"நீங்க ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்த சொல்ல? பாலிக் புலாவ் மேடு ஏறுறப்பதான் பாவம், அவருக்கு மூச்சு வாங்குது. அங்க மட்டும் அந்தச் சத்தத்த நான் போட்டுக் குடுக்குறேன்லா."